கருத்தூன்றிப் பணியாற்றுதல்



பகல் முழுவதும் ஓயாது உழைத்த ஒருவர், மாலையில் வீடு திரும்பும் வழியிலே, "இன்று செய்து முடித்தது யாது?" எனத் தம்மைத் தாமே வினவிப் பார்க்கின்றார். விடை கிடைப்பதில்லை. கை ஓய்ந்திருந்த நேரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முடிந்த வேலை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. களைப்பு மாத்திரம் மிஞ்சியிருக்கின்றது. கந்தோரிலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் தொழிற்கூடத்திலும் பணியாற்றுவோர் பலருக்கு இவ்வநுபவம் புதியதன்று. உழைப்பு இருந்தும் பயன் குறைவது ஏன் என்பதும், அதனை நிவிர்த்தி செய்யும் வழி யாது என்பதுமே இப்பேச்சின் பொருளாகும்.

அரசாங்கக் கந்தோர் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருக. அங்கே ஓர் உத்தியோகத்தர். இத்தகையோரை முன்னாளில் இலிகிதர் என்றனர். இந்நாளில் முகாமைத்துவ உதவியாளர் என்கின்றனர். காலை எட்டரை மணிக்கு அவர் தம் ஆசனத்தில் அமர்கின்றார். மேசைமீது ஒரு கோவை இருக்கின்றது. அரசாங்க ஊழியராயிருந்து இறந்த ஒருவரின் மனைவிக்கு உரிய ஓய்வூதியம் பற்றியது அது. விவாகப் பதிவுப் பத்திரத்திலே கணவரின் பெயர் ஒருவிதமாகவும், சேவைப் பதிவேட்டிலே வேறுவிதமாகவும் எழுதப்பட்டுள்ளது. இருபெயரும் ஒருவரையே குறிப்பன என்பதற்குச் சத்தியக் கடதாசி ஒன்று வேண்டும். அக்கடதாசியும் ஏனைய பத்திரங்களும் ஒழுங்காக உள்ளனவா என ஒப்புநோக்கி, மேலிடத்திற்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். நாற்பது நிமிடத்தில் முடியத்தக்க வேலை.

அவர் கோவையைத் திறக்கின்றார். தொலைபேசி மணி ஒலிக்கின்றது; பேசி முடித்து வருகின்றார். தபால் வருகின்றது, உறைகளைப் பிரித்துப் பார்க்கின்றார். தலைமை உத்தியோகத்தர் அழைத்து, சென்ற மாதத்துப் புள்ளிவிபரம் ஒன்றைக் கேட்கின்றார். அதனைத் தேடி எடுத்துக் கொடுக்கின்றார். அடுத்த மேசை நண்பர், இடர்கடன் விண்ணப்பத்தை எவ்வாறு நிரப்புவது என வினவுகின்றார். அதற்கும் விடை சொல்லுகின்றார். இடையிடையே சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசி ஒலியெழுப்புகின்றது. பதினொரு மணிக்கு அதே கோவையை நான்காம் முறையாகத் திறந்து, முதற் பக்கத்திலிருந்து மீண்டும் வாசிக்கத் தொடங்குகின்றார்.

அவ்வேளையிலே கோவைக்குரிய அம்மையார் வந்து மேசையருகே நிற்கின்றார். இருள் பிரியுமுன் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர். இஃது அவருடைய மூன்றாம் வருகை. உத்தியோகத்தர் கடதாசிகளை விரைவாகப் புரட்டிப் பார்க்கின்றார். "அம்மா, சத்தியக் கடதாசி இதில் இல்லையே. அதனை எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை வாருங்கள்" என்கின்றார். அம்மையார் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சென்ற முறை கொடுத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். ஆயினும், படித்தவர் பார்த்துச் சொல்லும்போது பிழை தம்முடையதாகவே இருக்கவேண்டும் என எண்ணிக்கொண்டு படியிறங்குகின்றார். சத்தியக் கடதாசியோ, வேறொரு கடிதத்தின் பின்னே ஒட்டிக்கொண்டு, அக்கோவையினுள்ளேயே கிடக்கின்றது.

இவ்வுத்தியோகத்தரைச் சோம்பேறி என்று சொல்லுதல் முறையாகுமா? ஆகாது. அவர் ஒரு கணமேனும் வாளாவிருந்தாரல்லர். வந்தவரைக் கடிந்து பேசினாரல்லர். அயலவருக்கு உதவியும் செய்தார். ஆயினும், முதியவர் ஒருவர் ஒருநாட் பொழுதையும் பஸ் கட்டணத்தையும் இழந்தார். அவருக்கு உரிய பணம் மேலும் ஒரு கிழமை தள்ளிப்போயிற்று. குறை யாண்டுளது?

இவ்விடத்திலே திருவள்ளுவர் செய்துள்ள ஒரு பாகுபாடு நினைக்கத்தக்கது. பொருட்பாலிலே பொச்சாவாமை என்பதனை 54ஆம் அதிகாரமாகவும், மடியின்மை என்பதனை 61ஆம் அதிகாரமாகவும் அவர் வெவ்வேறாக வைத்தார். மடி என்பது சோம்பல். பொச்சாப்பு என்பது மறதி. செய்யவேண்டியதில் மனம் சோர்ந்து வழுவுதல். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டியதில்லை. சோம்பலில்லாதவனிடத்தும் பொச்சாப்பு இருத்தல் கூடும். சோம்பலுக்கு மருந்து முயற்சி. பொச்சாப்புக்கு முயற்சி மாத்திரம் மருந்தாகாது. சிதறிய மனத்துடன் மேலும் மேலும் முயல்பவர் மேலும் மேலும் களைப்பதே பலன். இவ்வேறுபாட்டை உணராமையினாலேயே பலர் தம்மைத் தாமே சோம்பேறி என நொந்துகொண்டு, வேலை நேரத்தை நீட்டிப் பார்க்கின்றனர். நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்றாகின்றது.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மிதித்து நீர் இறைத்த காலத்தை முதியோர் அறிவர். துலாவிலே ஒருவர் முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்றடியிலே ஒருவர் நீரை வாங்கி ஊற்றுவார். தோட்டத்தினுள்ளே மண்வெட்டியுடன் நிற்பவர், வாய்க்காலில் ஓடிவரும் நீரை ஒரு பாத்திக்குத் திருப்பிவிடுவார். அப்பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டுவார். எல்லாப் பாத்திகளின் வாயையும் ஒரே வேளையில் வெட்டிவிட்டால் என்ன நிகழும்? துலாவில் நிற்பவர் எவ்வளவு விரைவாக நடந்தாலும், நீர் வாய்க்காலிலேயே சுவறிப்போகும். கடைசிப் பாத்தியிலுள்ள கன்று வாடும். மனத்தின் கவனமும் அத்தகைய ஓர் இறைப்பு நீரே. அதன் அளவு வரையறைக்கு உட்பட்டது.

இவ்வுண்மையை உளவியல் அறிஞர்கள் பரிசோதனை வாயிலாகவும் நிறுவியுள்ளனர். ஆதர் ஜேர்சில்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் முன்னோடியானது. எண்கள் எழுதிய பட்டியல்களைக் கொடுத்து, ஒரே வகையான கணக்கைத் தொடர்ந்து செய்யும்படியும், இருவகைக் கணக்குகளை மாறி மாறிச் செய்யும்படியும் அவர் மாணவரைப் பணித்தார். மாறி மாறிச் செய்தபோது கூடிய நேரம் சென்றது. கணக்குகள் கடினமானவையல்ல, ஒன்றை விட்டு மற்றொன்றிற்குத் தாவும் செயலே நேரத்தை விழுங்கியது. பிற்காலத்துப் பரிசோதனைகள் பலவும் இதனை உறுதிசெய்தன. இரண்டு வேலைகளை ஒரே வேளையில் செய்வதாக நினைப்பவர், உண்மையில் இரண்டிற்கும் இடையே தாவிக்கொண்டேயிருக்கின்றார். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வரி செலுத்துகின்றார்.

அவ்வரி எவ்வளவு எனச் சிறு கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம். நாற்பது நிமிட வேலை எட்டு முறை தடைப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும், விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, முன்னைய நினைவை மீட்டுக்கொள்வதற்கு ஐந்து நிமிடம் வேண்டுமாயின், எட்டைந்து நாற்பது. வேலைக்குச் செல்லும் நேரத்தின் அளவு நேரம், வேலையைத் தேடுவதிலேயே சென்றுவிடுகின்றது. தடைகளில் நேரடியாகச் செலவான நேரம் இக்கணக்கிற் சேரவில்லை.

நேரத்தினும் நுட்பமான இழப்பொன்றும் உண்டு. சோபி லெரோய் என்னும் ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் அதனை எடுத்துக்காட்டினார். ஒரு வேலையை முடிக்காது விட்டு மற்றொன்றிற்குச் செல்பவரின் கவனம் முழுவதும் புதிய வேலைக்குச் செல்வதில்லை; அதன் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகின்றது. கவனத்தின் எச்சம் என அதனை அவர் குறிப்பிட்டார். மேற்கூறிய உத்தியோகத்தர் கோவையைப் புரட்டியபோது, கண் கடதாசியில் இருந்தது. மனத்தின் ஒரு கூறு தலைமை உத்தியோகத்தர் கேட்ட புள்ளிவிபரத்தில் இருந்தது. மற்றொரு கூறு இடர்கடன் விண்ணப்பத்தில் இருந்தது. கண்முன் கிடந்த சத்தியக் கடதாசி புலப்படாமற் போனதில் வியப்பில்லை.

கவனச் சிதறலின் விலை சிலவிடங்களில் உயிராகவும் இருக்கின்றது. 1974ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி, அமெரிக்காவின் சார்லொற் நகரில் இறங்க முயன்ற பயணிகள் விமானமொன்று, ஓடுபாதையை அடையுமுன் நிலத்தில் மோதியது. 70 பேருக்கு மேல் இறந்தனர். நிலத்தை மூடுபனி மறைத்திருந்த அவ்வேளையில், விமானிகள் பணிக்குத் தொடர்பில்லாத விடயங்களைப் பேசிக்கொண்டு, விமானத்தின் உயரத்தைக் கவனியாது விட்டனர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. இத்தகைய விபத்துகளின் விளைவாக 1981ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு விதி வகுக்கப்பட்டது. பறப்பின் முக்கிய கட்டங்களில், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே, விமானத்தைப் பாதுகாப்பாகச் செலுத்துவதற்கு வேண்டாத பேச்சும் செயலும் விமானிகளுக்கு விலக்கப்பட்டன. கவனம் என்பது தனிமனிதரின் மனவுறுதிக்கு மாத்திரம் விட்டுவிடத்தக்க பொருளன்று. அதனைச் சூழ வேலி கட்டவேண்டும் என்பதை அவ்விதி உணர்த்துகின்றது.

வைத்தியசாலையை எடுத்துக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவிலே 98 தாதியர் நோயாளருக்கு மருந்து வழங்கிய 4,271 சந்தர்ப்பங்களை நேரில் அவதானித்து எழுதிய ஆராய்ச்சி 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து கொடுக்கும் வேளையில் தாதியர் எத்துணை முறை இடைமறிக்கப்பட்டனரோ, அத்துணைக்குத் தவறுகளும் கூடின என்பது அதன் முடிபு. இடைமறித்தவர்கள் தீயவரல்லர். "ஒரு சொல் கேட்கவேண்டும்" என வந்தவர்களே. அவ்வொரு சொல்லின் விலையைச் சொற்கேட்டவரும் சொன்னவரும் கொடுப்பதில்லை. கட்டிலிற் படுத்திருப்பவர் கொடுக்கின்றார். கந்தோரிலே நிகழ்வதும் அதுவே. அங்கு விலை கொடுப்பவர் இரண்டு பஸ் மாறி வந்தவர்.

இனி, நிவிர்த்தி செய்யும் வழிகளை நோக்குவோம். அவை அரியனவல்ல, எவரும் நாளைக் காலையிலேயே கைக்கொள்ளத்தக்கன.

முதலாவது, நாளின் முதற்பொழுதை அன்றைய தலையாய வேலைக்கு ஒதுக்குதல். தபால் வருமுன்னர், வருவோர் வருமுன்னர், மனம் தெளிந்திருக்கும் வேளை அது. அவ்வேளையைச் சில்லறை வேலைகளுக்குக் கொடுத்துவிட்டு, கருத்தூன்ற வேண்டிய வேலையைப் பிற்பகல் மயக்கத்திற்கு ஒத்திவைப்பது பலரின் வழக்கம். சில்லறை வேலைகள் விரைவில் முடிவன. முடிந்தன என்ற திருப்தியையும் தருவன. அதனாலேயே அவை மனத்தை இழுக்கின்றன. எது எளிது என்பதை விட்டு, எது தாமதித்தால் பிறருக்கு ஊறு விளையும் என்பதைக் கொண்டு முதல் வேலையைத் தெரிந்தெடுத்தல் நன்று.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி திரொலோப் இதற்கோர் எடுத்துக்காட்டு. அவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டு பிழைத்தவரல்லர். 1834 முதல் 1867 வரை பிரித்தானியத் தபால் திணைக்களத்தில் முழுநேர உத்தியோகத்தராக இருந்தவர். ஆயினும் 47 நாவல்களை எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வதும், கைக்கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் எழுதுவதும் அவரது நியமமாயின. முதல் அரைமணியில் முன்னாள் எழுதியதை வாசித்துப் பார்ப்பார். அதன் பின்னரே புதிதாக எழுதுவார். காலையில் தம்மைக் காப்பியுடன் எழுப்புவதற்காக வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். தமது வெற்றிக்கு அவ்வேலையாளுக்கே பெரிதும் கடமைப்பட்டிருப்பதாக, 1883ஆம் ஆண்டில் வெளிவந்த தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டுள்ளார். மேதையின் வெற்றியிலும் எழுப்பிவிடும் கைக்கு ஒரு பங்குண்டு என்பது கவனிக்கத்தக்கது. மனவுறுதியை நம்பியிராது, ஏற்பாட்டை நம்பினார் அவர்.

இரண்டாவது, இடையீடுகளைத் திரட்டி ஓரிடத்தில் வைத்தல். தபாலைப் பார்ப்பதற்கு ஒரு நேரம். தொலைபேசி அழைப்புகளுக்கு மறுமொழி கூறுவதற்கு ஒரு நேரம். சகபாடிகளின் ஐயங்களைத் தீர்ப்பதற்கு ஒரு நேரம். கைத்தொலைபேசியை ஒலியடக்கி மேசை இழுப்பறையில் வைத்தல் வேண்டும். "ஒலித்தாலும் எடுத்துப் பார்ப்பதில்லையே" எனச் சிலர் கூறுவர். எடுத்துப் பார்க்காவிடினும், செய்தி வந்துள்ளது என்ற அறிவிப்பே கவனம் வேண்டும் வேலையைக் கெடுக்கின்றது என்பதனை 2015ஆம் ஆண்டில் வெளிவந்த பரிசோதனையொன்று காட்டியது. யார் அழைத்தார், எதற்காக அழைத்தார் என்னும் எண்ணம் போதும். பாத்தியின் வாய் உடைந்துவிடும்.

எல்லோருக்கும் இது பொருந்துமா எனின், ஒரே அளவிற் பொருந்தாது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு, வருவோருக்கு விடை சொல்வதே வேலை. அவருக்கு அஃது இடையீடன்று. அவசர சிகிச்சைப் பிரிவிலிருப்பவர் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. வீட்டிலே குழந்தையின் அழுகைக்கு நேரம் குறித்து வைக்க இயலாது. அத்தகையோரும், நாளில் அரைமணி நேரமேனும் ஒருவர் மற்றவருக்காக முன்னின்று பதில் சொல்லும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். இரண்டு உத்தியோகத்தர் தம்முள் முறைவைத்து, ஒருவர் கருத்தூன்றி எழுதும்போது மற்றவர் வருவோரைக் கவனிப்பாராயின், வருபவருக்கும் குறைவில்லை, வேலைக்கும் குறைவில்லை.

மூன்றாவது, விட்டுச் செல்லும் இடத்தைக் குறித்துவைத்தல். எத்துணை வேலி கட்டினாலும் சில இடையீடுகள் வந்தே தீரும். தலைமை உத்தியோகத்தர் அழைக்கும்போது போகாதிருக்க முடியாது. அப்போது எழுந்து ஓடுமுன், ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு வரி எழுதிவிடவேண்டும்: எதுவரை பார்த்தாயிற்று, மீண்டு வந்ததும் செய்யவேண்டியது யாது. "விவாகப் பத்திரம் பார்த்தாயிற்று, அடுத்தது சத்தியக் கடதாசி" என்பது போதும். எழுத ஒரு நிமிடமும் ஆகாது. மேற்குறித்த லெரோய் என்பவரே 2018ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து இம்முறையைப் பரிசோதித்து, இவ்வாறு குறித்துவைத்தவர்களுக்குக் கவனத்தின் எச்சம் குறைந்ததெனக் கண்டார். வேலை எங்கேயும் ஓடிவிடாது, விட்ட இடத்திலேயே காத்திருக்கும் என்ற உறுதி பிறந்ததும், மனம் அதனை விட்டுவிடச் சம்மதிக்கின்றது. மாலையில் மேசையை ஒழுங்குசெய்து எழும்போதும் இக்குறிப்பை எழுதுதல் நன்று. கந்தோர் வேலையை வீட்டிற்குச் சுமந்துசென்று, பிள்ளைகளுடன் பேசும்போதும் கோவையை நினைத்துக்கொண்டிருக்கும் துன்பம் பெரும்பாலும் நீங்கும்.

நான்காவது, வேண்டிய அளவு ஓய்வு. இடைவிடாது இருந்து செய்வதே கருத்தூன்றிச் செய்தல் என நினைப்பது தவறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, ரேடார்த் திரையைப் பார்த்திருந்த பிரித்தானிய விமானப் படையினர், நேரஞ் செல்லச் செல்லத் திரையில் தோன்றும் குறிகளைத் தவறவிட்டனர். நோர்மன் மக்வேர்த் என்னும் உளவியலாளர் இதனை ஆராய்ந்து 1948ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். கடிகாரம் போன்ற கருவியொன்றில் முள் சிறிது சிறிதாக நகரும். அரிதாக ஒருமுறை இருமடங்கு தாவும். அத்தாவலைக் காண்பதே வேலை. இரண்டு மணி நேரம் பார்த்திருந்தவர்கள், முதல் அரைமணியின் பின்னர்க் கூடுதலான தாவல்களைத் தவறவிட்டனர். அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என மாற்றியவர்களிடத்தில் அத்தளர்ச்சி காணப்படவில்லை. கண் விழித்திருப்பதும் கவனம் விழித்திருப்பதும் ஒன்றல்ல என்பது இதனாற் பெறப்படும்.

தொழிற்சாலை அநுபவமும் இதற்குச் சான்று. ஜேர்மனியிலே, யேனா நகரத்துச் சைஸ் ஒளியியற் கருவித் தொழிற்சாலையை நடத்திய ஏர்ன்ஸ்ட் ஆபே, 1900ஆம் ஆண்டில் நாளாந்த வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். ஒரு மணி குறைந்தால் ஒன்பதில் ஒரு பங்கு உற்பத்தி குறையும் எனக் கணக்கு வாய்பாடு கூறும். ஆனால் ஒரு நாளின் உற்பத்தி குறையவில்லை, சிறிதளவு கூடியது. மனிதர் வாய்பாட்டுக்கு அமைந்த இயந்திரங்களல்லர். இரவு வெகுநேரம் கந்தோரில் இருந்தேன் என்பதனைப் பெருமையாகச் சொல்லுவோரும், அதனைக் கேட்டு மெச்சும் மேலதிகாரிகளும், இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மேலதிகாரிகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூறவேண்டும். கருத்தூன்றிப் பணியாற்றுக என ஊழியருக்கு உபதேசிப்பது எளிது. பத்து நிமிடத்திற்கொருமுறை மணியடித்து அழைப்பவர், எல்லா வேலையையும் அவசர வேலை என அனுப்புபவர், ஒருமுறை கேட்ட புள்ளிவிபரத்தைக் குறித்துவையாது மறுமுறையுங் கேட்பவர், அவ்வுபதேசத்தைத் தாமே அழிக்கின்றார். நாளொன்றுக்கு இரண்டு வேளை கூடி, வேண்டியவற்றையெல்லாம் ஒருசேரக் கேட்டுக்கொள்ளும் தலைவரின் கீழே, அதே ஊழியர் இருமடங்கு பயன்படுவர். பாடசாலையிலும் இவ்வாறே. ஆசிரியர் பாடம் நடத்தும் வேளையில், அறிவித்தலுடன் மாணவனை வகுப்பு வகுப்பாக அனுப்பும் அதிபர், ஒரு வகுப்பின் ஒரு நிமிடத்தை எடுப்பதாக நினைக்கின்றார். உண்மையில், நாற்பது பிள்ளைகளின் மனத்திலே கட்டப்பட்டு வந்த ஒன்றை அவர் கலைத்துவிடுகின்றார். சட்டம் இயற்றாமலே ஒவ்வொரு தலைவரும் தம் பணியிடத்தில் இத்தகைய அமைதியைக் காத்துக் கொடுக்கலாம்.

கருத்தூன்றுதல் எதற்காக என்னும் வினாவிற்கு, ஈழத்தவர் ஒருவரின் வாழ்க்கையே விடையாக நிற்கின்றது. 1832ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னையிலே அரசாங்கக் கணக்கு அலுவலகத்திற் பணியாற்றியவர். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர். பகலிலே கணக்கும் வழக்கும் பார்த்த அவர், எஞ்சிய நேரத்தில் ஏட்டுச் சுவடிகளைப் பார்த்தார். அக்காலத்து ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமையில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஓலையோ தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. இத்தகைய ஏட்டினைச் சிதறிய மனத்துடன் வாசிப்பவர், ஒரு சொல்லை மற்றொரு சொல்லாகப் படித்துவிடுவார். அப்பிழை அச்சேறி நிலைத்துவிடும். அவர் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அவருக்குக் கிடைத்த நாளும் இருபத்துநான்கு மணி நேரமே. கிடைத்த சில மணி நேரத்தையும் முழுமையாக ஒரு பொருளுக்குக் கொடுத்தமையினால், அழிய இருந்தவை அழியாது நின்றன.

எல்லோரும் கலித்தொகையைப் பதிப்பிக்கப் போவதில்லை. ஆயினும் ஒவ்வொருவர் மேசையிலும், பிறர் வாழ்வு ஒரு கடதாசிக் கட்டாக வந்து கிடக்கின்றது. ஆசிரியர் திருத்தும் விடைத்தாளிலே ஒரு பிள்ளையின் உழைப்பு இருக்கின்றது. மருந்தாளர் எழுதும் சீட்டிலே ஒரு நோயாளியின் நலம் இருக்கின்றது. கணக்காளர் கூட்டும் தொகையிலே ஒரு குடும்பத்தின் மாதச் சோறு இருக்கின்றது. அவற்றுக்கு உரிய சில நிமிடங்களை முழுமையாகக் கொடுப்பது, திறமையைக் காட்டும் வித்தையன்று. கொடுக்கவேண்டிய கடனைக் கொடுத்தலாகும்.

முதலிற் கண்ட கந்தோருக்கு மீண்டும் செல்வோம். மறுநாட் காலை. உத்தியோகத்தர் சற்று முன்னதாகவே வருகின்றார். கைத்தொலைபேசியை இழுப்பறையில் வைக்கின்றார். "ஒன்பதேகால் வரை வருவோரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதன்பின் உங்கள் வேலைக்கு நான் இடங்கொடுப்பேன்" என அடுத்த மேசை நண்பரிடம் சொல்லிவிட்டு, அதே கோவையைத் திறக்கின்றார். ஒவ்வொரு கடதாசியாகப் பிரித்துப் பார்க்கும்போது, பழைய கடிதமொன்றின் பின்னே ஒட்டியிருந்த சத்தியக் கடதாசி கைக்கு வருகின்றது. அதில் இரண்டு கிழமைக்கு முந்திய திகதி இடப்பட்டிருக்கின்றது. அவர் சிறிது நேரம் அதனைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றார். பின்னர்க் கடிதத்தை எழுதி முடித்துக் கையொப்பத்திற்கு அனுப்புகின்றார். மணி ஒன்பது பத்து.

ஒன்பதேகாலுக்கு அவர் செய்யும் முதல் வேலை, அவ்வூர்க் கிராம அலுவலரைத் தொலைபேசியில் அழைப்பது. சத்தியக் கடதாசி கோவையிலேயே இருக்கின்றது என்றும், தேடிப் பாராதது தம் பிழை என்றும், அம்மையார் இனி இதற்காக வரவேண்டியதில்லை என்றும் அவருக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கின்றார். அடுத்த கிழமை அதிகாலையிலே ஓர் அம்மையார் பஸ்ஸுக்காக இருளில் நிற்கவேண்டிய தேவை அத்துடன் ஒழிகின்றது.

கருத்தூன்றிய நாற்பது நிமிடத்தின் பயன் இத்துணையே. இத்துணையும் பெரிது.